எதுவும் வேண்டாம் என்கிற அப்பாவை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

கேள்வி இதுதான். அப்பா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், ஆவணியில் 67 முடிகிறது. வாங்கிக் கொடுத்த சட்டையெல்லாம் அட்டைகூடப் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது, ஸ்மார்ட் வாட்ச் டப்பாவோடு கிடக்கிறது. எதைக் கேட்டாலும் "எதுக்குலே துட்டைக் கரியாக்குத?" என்கிறார். அதனால் பொருளாக இல்லாமல், எங்காவது கூட்டிப்போய் ஓர் அனுபவமாகக் கொடுக்கலாம் என்று பெங்களூரில் இருக்கும் மகன் யோசிக்கிறார். பத்தாயிரம் ரூபாய், மூன்று நாள் லீவு.

எனக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டித் தொழில். பெரியவர்களைக் கோயிலுக்கும் அருவிக்கும் ஏற்றிப்போவதுதான் சவாரியில் பாதி. மகனோ மகளோ வெளியூரிலிருந்து போனில் புக் பண்ணுவார்கள், அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறுவார், முதல் கேள்வியே "கிலோமீட்டருக்கு எவ்வளவு பேசியிருக்கான்?" என்பதுதான். போகும்போது எப்படி இருந்தார், இறங்கும்போது எப்படி இருந்தார் என்று பார்த்துப் பார்த்தே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. புதிதாக ஒன்றைக் காட்டுகிறேன் என்று ரிசார்ட்டுக்கோ தீம் பார்க்குக்கோ கூட்டிப்போன அப்பாக்கள் ஒப்புக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டு, நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருவார்கள். ஒரு காலத்தில் தானே ஆசையாகச் செய்துகொண்டிருந்து, பிள்ளைகள் பிறந்தபின் ஸ்கூல் பீஸ், வீட்டு லோன், தங்கச்சி கல்யாணம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்ட விஷயம் ஒன்று இருக்குமே, அங்கே திரும்பப் போகிற அப்பாதான் கங்கைகொண்டான் தாண்டுவதற்குள் டிரைவர் தோளைத் தட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அதனால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவரிடமே கேட்காதீர்கள். ஒண்ணும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். எதை எப்போது விட்டார் என்று விசாரியுங்கள், அதையும் அவரிடம் இல்லை. அம்மாவிடம் கேளுங்கள், "கல்யாணம் ஆன புதுசுல அப்பா லீவு நாளில் எங்கே போவார்?" என்று. சித்தப்பாவிடம் கேளுங்கள். கூட வேலை பார்த்த ஒருத்தராவது இன்னும் ஊரில் இருப்பார், அவரோடு ஒரு டீ சாப்பிட்டால் போதும், உங்களுக்குத் தெரியாத அப்பா ஒருத்தர் வெளியே வருவார். நாதஸ்வரக் கச்சேரி கேட்க சைக்கிளில் ஊர் ஊராகப் போனவராக இருக்கலாம், வாலிபால் ஆடினவராக இருக்கலாம், வருஷம் தவறாமல் நண்பர்களோடு பாதயாத்திரையாகத் திருச்செந்தூர் நடந்தவராக இருக்கலாம்.

நம் பக்கத்து அப்பாக்களில் நிறையப் பேர் விட்டது எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது சாஸ்தா கோயில். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு குலதெய்வ சாஸ்தாவைத் தேடிப் போவது திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று ஜில்லாவிலும் பெரிய வழக்கம், அது உங்களுக்கே தெரியும். கோயில் பெரும்பாலும் ஊருக்குள் இருக்காது. குளத்தங்கரையில், தேரிக்காட்டில், மலையடிவாரத்தில், பஸ் போகாத இடத்தில் இருக்கும். தாத்தா இருந்தவரை பங்காளிகள் எல்லாரும் ஒரு லாரியிலோ மாட்டு வண்டியிலோ போய்ப் பொங்கலிட்டு வந்திருப்பார்கள், தாத்தா போனபின் சொத்துத் தகராறோ வேலை மாற்றலோ ஏதோ ஒன்று வந்து நின்றுபோயிருக்கும். அப்பாவுக்கு அதில் ஒரு குறை உள்ளே இருந்துகொண்டே இருக்கும், சொல்ல மாட்டார். பங்குனி உத்திரத்துக்கு ஒரு வேன் பேசி, அப்பாவின் கூடப்பிறந்தவர்களையும் பெரியப்பா பிள்ளைகளையும் நீங்களே போன் பண்ணி அழைத்து, அத்தனை பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிப் பாருங்கள். நான் ஓட்டியதிலேயே சத்தமான சவாரி இதுதான். அங்கே போய் அப்பா சும்மா உட்கார மாட்டார். அடுப்புக்குக் கல் எடுத்துப்போடுவது, பூசாரியிடம் பேசுவது, எந்தப் பீடம் எந்தச் சாமிக்கு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது எல்லாம் அவர் கையில் வந்துவிடும். எந்த சாஸ்தா என்பதே மறந்துபோன குடும்பங்களும் உண்டு, அவர்களில் பலர் காரையார் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்வார்கள். அப்படியென்றால் அந்த சாஸ்தாவைக் கண்டுபிடிக்க ஊர் ஊராக அலைவதே அப்பாவுக்கு நல்ல வேலை. ஆவணிப் பிறந்தநாளுக்குப் பங்குனியில் பரிசா என்று கேட்பீர்கள். பிறந்தநாளன்றுதான் கொடுக்கணும் என்று யார் சொன்னது? கேக் வெட்டுவதே அவருக்குக் கூச்சம்.

சொரிமுத்து அய்யனார் பக்கம் போவதாக இருந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பாபநாசம் செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள், சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூடுகிற இடம், அந்தச் சமயம் முட்டி வலி உள்ளவரைக் கூட்டிப்போகாதீர்கள்.

நம் பக்கத்துக் கோயில் திருவிழாவான கொடையும் இதே கணக்குதான். சொந்த ஊர் அம்மன் கோயில் கொடைக்கு எல்லாரும் போவார்கள், ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் காரில் ஏறிவிடுவார்கள். அப்பாவோடு நடுராத்திரிச் சாமக்கொடை வரை இருங்கள், வில்லுப்பாட்டு முழுசாகக் கேட்கட்டும். அதற்கு ஆகிற செலவு ஒரு நாள் லீவு மட்டும்தான்.

விவசாயக் குடும்பத்து அப்பா என்றால் ஒரு யோசனை சொல்வேன், இதை யாரும் டூர் பேக்கேஜாக விற்பதில்லை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு உண்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக இருக்கிற ஸ்ரீவைகுண்டம்தான் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பாபநாசத்தில் காலையில் கிளம்பி ஆற்றோடு கீழே இறங்கி வந்தால் ஒரே நாளில் எட்டையும் பார்த்துவிடலாம். நமக்கு இதெல்லாம் குறுக்கே கட்டின சுவர். வயல் வைத்திருந்த அப்பாவுக்கோ ஒவ்வொன்றும் ஒரு வழக்கு, ஒரு சண்டை, ஒரு சம்பந்தி வீடு. எந்தக் கால்வாயில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், கடைமடைக்கு வந்துசேராமல் எந்த வருஷம் பிசான நெல் போச்சு, பாளையங்கால்வாய் எப்படிச் சாக்கடையாக ஆனது என்று பேசிக்கொண்டே வருவார். உங்கள் அப்பா அம்பை ஆள், நதியுண்ணியும் கன்னடியனும் அவர் வாசலில் இருப்பதுபோலத்தான், ஆனால் மருதூருக்குக் கீழே எத்தனை தடவை போயிருப்பார்? மருதூர் அணை வளைந்து வளைந்து போகிற அழகை அங்கே நின்று பார்க்கணும். மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடக் கூட்டாஞ்சோறுதான் சரி. ஆனால் அதை அம்மா காலை மூன்று மணிக்கு எழுந்து கிண்டணும் என்றால் வேண்டாம். அப்பாவுக்குப் பரிசு, அம்மாவுக்கு வேலை என்று ஆகிவிடக் கூடாது. ஹோட்டலில் புளியோதரை கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

விட்டது ஒரு பக்கம், தள்ளிப்போட்டது இன்னொரு பக்கம். காசு கணக்குப் பார்த்து "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றே ஒதுக்கி வைத்தது. அதில் முதலில் நிற்பது விமானம். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் அங்கிருந்து விமானம் உண்டு. இன்னும் ஏறாத அப்பாவாக இருந்தால் ஜன்னல் சீட்டுக்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்து எடுங்கள், வேறு எதற்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். உள்ளே விற்கிற சாண்ட்விச் விலையைக் கேட்டால் அவர் ரத்த அழுத்தம் ஏறிவிடும், வீட்டிலிருந்து இட்லி கொண்டுபோங்கள். கைப்பையில் பாக்குவெட்டி, சின்னக் கத்தி இருக்கிறதா என்று முதல் நாள் ராத்திரியே பார்த்து எடுத்துவிடுங்கள், வெற்றிலை போடுகிற பெரியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். போவது விமானத்தில், திரும்புவது நெல்லை எக்ஸ்பிரஸில் என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், இரண்டையும் ஒப்பிட்டு ஒரு மாசம் பேச அவருக்கு விஷயமும் கிடைக்கும். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், கடைசி வாரம் வரை விட்டால் பத்தாயிரம் பத்தாது.

வந்தே பாரத் ஏறணும் என்று ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலி – சென்னை ஓடுகிறது, காலையில் ஏறினால் மத்தியானம் சென்னை. சீக்கிரம் போகுது, குளிருது, அவ்வளவுதான் என் அபிப்பிராயம். பாம்பன் புதுப் பாலம் வேறு விஷயம். 2025 ஏப்ரலில் திறந்தது, கப்பல் போகும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். மெஷின் வேலை தெரிந்த அப்பா என்றால் ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போக அதுவே காரணம் போதும்.

பக்தி உள்ள அப்பாவுக்கு, தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒன்பது பெருமாள் கோயில்களை, அதாவது நவதிருப்பதியை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் ஒன்பதையும் ஒரே நாளில் ஓடி ஓடி முடிக்காதீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அரசுப் போக்குவரத்துக் கழகம் நவதிருப்பதிக்கும், மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்துக்கும் சிறப்புப் பேருந்து விடுவது வழக்கம். கோயில் நேரத்தை அவர்களே கணக்குப் பண்ணி ஓட்டுவார்கள், சின்ன வயது ஆட்களுக்கு அது வசதி. 67 வயதுக்காரர் ஒன்பது தடவை இறங்கி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கோயில்கள் மத்தியானம் நடை சாத்திவிடும் என்பதால் காலையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி என்று மூன்று பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளி என்கிற பழைய புளியமரத்தடியில் கொஞ்சம் உட்காருங்கள். மிச்சத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், தாமிரபரணி எங்கேயும் போய்விடாது. வாத்தியார் வேலை பார்த்த அப்பா, சரித்திரம் படிக்கிற அப்பா என்றால் அதே திருச்செந்தூர் சாலையிலேயே காலையில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள், அப்புறம் ஆதிச்சநல்லூர். கண்ணாடித் தளத்துக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் தோண்டின இடத்திலேயே அப்படியே இருப்பதை மேலே நின்று பார்க்கலாம். தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியது நூறு வருஷத்துக்கு முன்னால் என்று நீங்கள் ஆரம்பித்தால் போதும், மீதியை அவர் சொல்வார்.

குற்றாலம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் எல்லாரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஐந்தருவியில் அப்பாவைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் தள்ளுவது பரிசே கிடையாது. வார நாளில் விடியற்காலை போங்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்களிடம் அவரை ஒப்படைத்துவிட்டு நீங்கள் எட்ட நில்லுங்கள். மழை பலமாக இருந்தால் தடை போட்டிருப்பார்கள், தடை இல்லாவிட்டாலும் மேலே கருத்திருந்தால் பழைய அருவிப் பக்கம் இறங்க வேண்டாம். 2024 மே மாதம் அங்கே திடீர் வெள்ளத்தில் ஒரு பையன் போனது நினைவிருக்கும்.

எங்கே போவது என்பதைவிட எப்படிச் சொல்லிக் கிளப்புவது என்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். "உங்களுக்காக ஏற்பாடு பண்ணியிருக்கேன்பா" என்றால் வர மாட்டார், தனக்காக ஒருத்தன் செலவழிக்கிறான் என்பதே அவருக்கு உறுத்தும். "எனக்கு வழி தெரியாது, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் நிற்பார். டிக்கெட்டை எடுத்து முடித்தபின் சொல்லுங்கள். கேன்சல் பண்ணினால் காசு போயிரும் என்பதைப் போல நம் ஊர் அப்பாக்களைக் கிளப்புகிற சொல் வேறு கிடையாது. ஆனால் அன்றைக்குக் காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி திடீரென்று ஆச்சரியப்படுத்துகிற வேலை வேண்டாம். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், பால்காரனுக்குச் சொல்லணும், மாத்திரை எடுத்து வைக்கணும், அவருக்கு நூறு இருக்கும். நாலு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள், எப்படியும் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவார். "ஆச்சு, விடுங்க" போதும். பணம் கொடுக்கிற இடத்தில் டீக்காசு, கோயில் தட்டு, சில்லறை எல்லாம் அவர் கொடுக்கட்டும், தடுக்காதீர்கள்.

உடம்பு சமாச்சாரத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, நான் வண்டிக்காரன் என்பதால் பேசுகிறேன். இந்த வயதில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தியாகணும். அவர் கேட்க மாட்டார், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார். நீங்களே "எனக்கு டீ வேணும்" என்று நிறுத்துங்கள். சுகர் இருந்தால் சாப்பாட்டு நேரம் தள்ளக் கூடாது. ரயில் என்றால் முன்பதிவு செய்யும்போது மூத்த குடிமக்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் போடுங்கள், 60 முடிந்த ஆண்களுக்கு உண்டு. கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை, அதைப் பற்றி அப்பா ரயிலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கூடப் போகணும் என்று கட்டாயமில்லை. சில அப்பாக்களுக்குப் பிள்ளைகளோடு போவதே ஒரு ட்யூட்டி. அவரையும் அவர் வயது நண்பர்கள் மூன்று பேரையும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, டிரைவரிடம் மட்டும் பேசிக்கொள்ளுங்கள். "வேய், அந்தக் காலத்துல..." என்று அவர்கள் ஆரம்பிப்பதைக் கேட்டால் தெரியும், இவர் வீட்டில் பேசாதவர்தானா என்று.

சரி, உங்கள் அப்பாவுக்கு. மின்வாரிய போர்மேன், அம்பை, ஆவணி, மூன்று நாள். அம்மாவிடமோ கூட வேலை பார்த்தவரிடமோ விசாரித்து நல்லதாக ஏதும் கிடைத்தால் நான் கீழே சொல்வதை விட்டுவிட்டு அதையே பிடியுங்கள். கிடைக்காவிட்டால் செங்கோட்டை – புனலூர் ரயில். 1904-இல் போட்ட மலைப்பாதை. அவர் வயதுக்காரர்கள் அதில் மீட்டர்கேஜ் வண்டியில் கொல்லத்துக்குப் போயிருப்பார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010-இல் நிறுத்தி, 2018-இல்தான் மறுபடி திறந்தார்கள். அதற்குப்பின் அவர் ஏறியிருக்க வாய்ப்பு கம்மி. முதல் நாள் நீங்கள் வந்து இறங்கி வீட்டில் சும்மா இருங்கள், ராத்திரி பஸ்ஸில் வந்த மகன் உடனே ஊர்சுற்றக் கூப்பிட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது. இரண்டாம் நாள் காலை செங்கோட்டை போய் அங்கிருந்து பஸ்ஸில் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர். அங்கே கல்லடை ஆற்றின் மேல் 1877-இல் கட்டின தொங்கு பாலம் இருக்கிறது, சங்கிலி எப்படிப் போகிறது, எடை எங்கே இறங்குகிறது என்று ஒரு போர்மேன் அரை மணி நேரம் பார்ப்பார், அவசரப்படுத்தாதீர்கள். சாப்பிட்டுவிட்டுக் குருவாயூரிலிருந்து மதுரை போகிற எக்ஸ்பிரஸில் திரும்புங்கள். பகல் வெளிச்சத்தில் மலை ஏறுகிற வண்டி அது, நேரத்தை மட்டும் முந்தின நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிமூணு கண் பாலமும் குகையும் அந்தப் பாதையில்தான். ஆவணியில் அந்தப் பக்கம் சாரல் விட்டிருக்காது, ஆளுக்கொரு குடை. மூன்றாம் நாள் முழு எட்டு அணைக்கட்டு வேண்டாம், களைத்திருப்பார். சுத்தமல்லியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை கீழே உள்ள மூன்றை மட்டும் பாருங்கள். இரண்டு நாளும் சேர்த்து அம்மாவோடு மூன்று பேர் போனாலும் பத்தாயிரத்தில் மிச்சம் விழும்.

அந்த மூன்றாம் நாளுக்கு வண்டி வேண்டும் என்றால் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். ஆவணியில் முகூர்த்தம் அதிகம், கடைசி நேரத்தில் கேட்டால் எங்கள் ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட நிற்காது.